தென்னாப்பிரிக்காவில் இன்ஃப்ளிக்சிமாப் டிரிப்: மெடிக்கல் எய்ட் படிவத்திலிருந்து வீட்டுக் காய்ச்சல் வரை

என் வீட்டுக்காரருக்குக் கிரோன்ஸ் என்ற நாள்பட்ட குடல் அழற்சி நோய். எட்டு வாரத்துக்கு ஒருமுறை இன்ஃப்ளிக்சிமாப் டிரிப் ஏற்றிக்கொள்கிறார். வேலை மாறி டர்பன் வந்த புதிதில், மருந்து எங்கே கிடைக்கும், யார் பணம் கட்டுவார்கள், எந்தத் தாளை யாரிடம் கொடுப்பது என்று அலைந்ததில் ஓய்ந்துபோனோம். தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ இப்போதுதான் இங்கே வந்திருக்கிறீர்கள், உங்களுக்கோ வீட்டில் ஒருவருக்கோ குடல் அழற்சி, முடக்குவாதம், சொரியாசிஸ் என்று ஏதோ ஒன்றுக்கு டாக்டர் 'பயாலஜிக்' (உயிரணுக்களில் தயாரிக்கும் மருந்து வகை, இன்ஃப்ளிக்சிமாப் அதில் ஒன்று) எழுதிவிட்டார் என்றால், இது உங்களுக்காக.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். இந்த மருந்தில் காகித வேலையும் உடல் பாதுகாப்பும் தனித்தனி விஷயம் இல்லை. டோஸ்களுக்கு நடுவே நீண்ட இடைவெளி விழுந்தால், உடம்பு மருந்துக்கு எதிராகவே ஆன்டிபாடி உண்டாக்கிவிடக்கூடும். அப்புறம் திரும்ப ஏற்றும்போது ஒவ்வாமை வரும் அபாயம் கூடும், மருந்தின் பலனும் குறையும். இங்கே அப்படிப்பட்ட இடைவெளி பெரும்பாலும் நோயால் வருவதில்லை, ஒரு கையெழுத்து விட்டுப்போன படிவத்தால் வருகிறது.

இன்னொன்று, பெயர். ஊரில் ரெமிகேட் என்று எழுதிக் கொடுத்திருப்பார்கள். அதே மருந்து இங்கே ரெவெலெக்ஸ் என்ற பெயரில் வருகிறது. குழம்ப வேண்டாம்.

1. உங்களிடம் இருப்பது மெடிக்கல் எய்டா, வெறும் இன்ஷூரன்ஸா?

விசாவுக்காக அவசரத்தில் எடுத்த மலிவான 'ஹெல்த் இன்ஷூரன்ஸ்' வேறு, 1998-ஆம் ஆண்டு மெடிக்கல் ஸ்கீம்ஸ் சட்டத்தின்கீழ் பதிவான மெடிக்கல் எய்ட் வேறு. பதிவான ஸ்கீம் எந்தத் திட்டமாக இருந்தாலும், குறைந்தபட்சம் கொடுத்தே ஆக வேண்டிய பலன்கள் என்று ஒரு பட்டியல் உண்டு. எல்லாரும் பிஎம்பி என்றே சொல்வார்கள். அதற்குள் இருக்கும் நாள்பட்ட நோய்ப் பட்டியலில் கிரோன்ஸ், அல்சரேட்டிவ் கொலைடிஸ் (பெருங்குடலில் புண்ணோடு வரும் அழற்சி), முடக்குவாதம் மூன்றும் உள்ளன. இன்ஷூரன்ஸ் பாலிசிக்கு அந்தக் கட்டாயம் கிடையாது.

நோய் பட்டியலில் இருக்கிறது என்பதற்காகப் பயாலஜிக்கும் தானாகக் கிடைத்துவிடாது. ஸ்கீம் தன் மருந்துப் பட்டியலையும், "முதலில் மலிவான மருந்துகளைக் கொடுத்துப் பாருங்கள்" என்ற நிபந்தனையையும் நீட்டும். எனவே சேரும் முன்பே போன் போட்டு, உங்கள் நோய்க்கு உலக அளவில் வைத்திருக்கும் ஐசிடி குறியீட்டைச் சொல்லி (கிரோன்ஸ் என்றால் கே50, அல்சரேட்டிவ் கொலைடிஸ் என்றால் கே51), இந்தத் திட்டத்தில் இன்ஃப்ளிக்சிமாப் உண்டா, ஆண்டு வரம்பு எவ்வளவு என்று கேளுங்கள். பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள். போனில் சொன்னதை நம்பி இங்கே எதையும் நடத்த முடியாது.

புதியவர்கள் அடிபடும் இடம் காத்திருப்புக் காலம். இதற்கு முன் இந்நாட்டு ஸ்கீம் எதிலும் இல்லாதவர்களுக்குப் பொதுவாக 3 மாதமும், ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு 12 மாதம் வரையும் காத்திருப்பு போடலாம். பிஎம்பி நோய்களுக்கும் இது பொருந்தும். 35 வயதைத் தாண்டி முதன்முதலாகச் சேர்ந்தால் மாதக் கட்டணத்தில் அபராதமும் ஏறலாம். ஊரில் கட்டிய இன்ஷூரன்ஸ் ஆண்டுகள் பொதுவாகக் கணக்கில் வராது. இதிலிருந்து தப்பிக்க நல்ல வழி, வேலை கொடுக்கும் கம்பெனியின் குழு உறுப்பினராகச் சேர்வது. பல குழுக்களில் காத்திருப்பைத் தள்ளுபடி செய்கிறார்கள். வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் எச்ஆர்-இடம் இதைக் கேட்டுவிடுங்கள். சேர்ந்த பிறகு கேட்டால் "அப்போதே சொல்லியிருக்கலாமே" என்பார்கள்.

நோயை மறைத்துச் சேரலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். பின்னால் தெரியவந்தால் உறுப்பினர் உரிமையையே ரத்து செய்ய முடியும்.

மெடிக்கல் எய்டே இல்லை என்றால் அரசு வழி. நேராகப் பெரிய மருத்துவமனைக்குப் போய் நிற்க முடியாது. உள்ளூர் கிளினிக், அங்கிருந்து சாட்ஸ்வொர்த்தில் ஆர்.கே. கான், ஃபீனிக்ஸில் மகாத்மா காந்தி போன்ற மருத்துவமனை, அதற்கு மேல் பரிந்துரைக் கடிதத்தோடு இன்கோசி ஆல்பர்ட் லுத்துலி மத்திய மருத்துவமனை என்று படிப்படியாகத்தான் ஏற வேண்டும். கட்டணம் வருமானத்தைப் பொறுத்தது, ஆகவே சம்பளச் சீட்டு, முகவரிச் சான்று, பாஸ்போர்ட், பெர்மிட் எல்லாம் கையில் இருக்கட்டும். அரசுத் தரப்பில் பயாலஜிக் மிகக் குறைவாகவே கிடைக்கிறது, பொறுமை வேண்டும்.

2. ஊரிலிருந்து கொண்டுவர வேண்டிய கோப்பு

கொலனோஸ்கோபி அறிக்கை, பயாப்ஸி அறிக்கை, ஸ்கேன், டிஸ்சார்ஜ் சம்மரி. இவற்றை எல்லாரும் கொண்டுவருகிறார்கள். விட்டுவிடுவது வேறொன்று: இதுவரை எந்தெந்த மருந்து, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, என்ன அளவில், ஏன் நிறுத்தினார்கள் என்ற பட்டியல். ஸ்டீராய்டு, அசத்தியோபிரின், மெத்தோட்ரெக்ஸேட் எல்லாம் இதில் வர வேண்டும். ஊர் டாக்டரின் லெட்டர்ஹெட்டில், கையெழுத்து, முத்திரையோடு வாங்குங்கள். ஏற்கெனவே இன்ஃப்ளிக்சிமாப் ஏற்றியிருந்தால் ஒவ்வொரு டோஸின் தேதி, மில்லிகிராம், பிராண்டு, பேட்ச் எண், ஒவ்வாமை வந்ததா என்பதும் வேண்டும். மூல மருந்தா, வேறு கம்பெனி அதைப் போலவே செய்த பயோசிமிலரா என்பது பிராண்டைப் பார்த்தால்தான் தெரியும்.

3. காசநோய்ப் பரிசோதனை முடியாமல் முதல் டோஸ் வேண்டாம்

டிஎன்எஃப் என்ற அழற்சிப் பொருளைக் கட்டிப்போடுவதுதான் இந்த மருந்தின் வேலை. உடம்புக்குள் உறங்கிக்கிடக்கும் காசநோய்க் கிருமியைச் சுற்றி வேலி போட்டு வைத்திருப்பதும் அதே டிஎன்எஃப்தான். வேலியைப் பிரித்தால் கிருமி வெளியே வரும். நாம் வந்த ஊரிலும் காசநோய் அதிகம், வந்து சேர்ந்த ஊரிலும் அதிகம். ஆகவே "எனக்கு இருமலே இல்லையே" என்று இதைத் தட்டிக்கழிக்க முடியாது.

செய்ய வேண்டியவை: மார்பு எக்ஸ்ரே, அதோடு தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் மான்டூ சோதனை அல்லது குவான்டிஃபெரான் ரத்தச் சோதனை. நம்மில் பெரும்பாலோருக்குச் சிறுவயதில் பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி போட்டிருக்கும். அதனால் மான்டூ தவறாகப் பாசிட்டிவ் காட்டலாம், குவான்டிஃபெரானுக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டிருந்தால் இரண்டுமே தடுமாறும், அதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

பாசிட்டிவ் என்று வந்தால் பயப்பட வேண்டாம். உறங்கும் காசநோய்க்குத் தடுப்பு மாத்திரை தருவார்கள். பெரும்பாலும் ஐசோநியாசிட், கூடவே வைட்டமின் பி6. குறைந்தது ஒரு மாதமாவது அதை எடுத்த பிறகே முதல் டிரிப் போடுவது வழக்கம், அதற்குப் பின்னும் மாத்திரை முழுக் காலமும் தொடர வேண்டும். உங்கள் கால அட்டவணையில் இந்த மாதத்தை முன்கூட்டியே சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதே ரத்தம் எடுக்கும்போது ஹெபடைடிஸ் பி, எச்ஐவி, கல்லீரல் சோதனை, முழு ரத்த எண்ணிக்கை எல்லாவற்றையும் சேர்த்து முடித்துவிடுங்கள். ஹெபடைடிஸ் பி உள்ளே பதுங்கியிருந்தால் அதுவும் கிளம்பும். இதயம் பலவீனமாக இருப்பவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். இதயச் செயலிழப்பு நடுத்தரம் முதல் கடுமை வரை இருந்தால் இந்த மருந்தே பெரும்பாலும் கூடாது.

தடுப்பூசியையும் இப்போதே பேசி முடியுங்கள். உயிருள்ள கிருமி கலந்த தடுப்பூசிகளை, அதாவது எம்எம்ஆர், சின்னம்மை, மஞ்சள் காய்ச்சல் ஆகியவற்றை, மருந்து தொடங்கிய பிறகு போடக்கூடாது. தேவையென்றால் தொடங்குவதற்குக் குறைந்தது 4 வாரம் முன்பு. ஃப்ளூ, நிமோனியா, ஹெபடைடிஸ் பி ஊசிகளுக்கு அந்தத் தடை இல்லை. இங்கே குளிர்காலம் ஜூனில், ஆகவே ஃப்ளூ ஊசியை ஏப்ரல் வாக்கில் போட்டுவிடுவது நல்லது.

4. மோட்டிவேஷன் லெட்டரும் ஆதரைசேஷனும்

இந்த மருந்து ஏன் தேவை என்று ஸ்கீமுக்கு ஸ்பெஷலிஸ்ட் எழுதும் மோட்டிவேஷன் லெட்டர்தான் எல்லாவற்றுக்கும் சாவி. அதில் நோயின் குறியீடு, நோயின் தீவிரம், முயன்று தோற்ற மருந்துகள், கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம், உங்கள் எடை, டோஸ் அட்டவணை, காசநோய்ச் சோதனை முடிவு எல்லாம் இருக்க வேண்டும். டாக்டர் அனுப்பிவிட்டார் என்று விட்டுவிடாதீர்கள். ஒரு நகல் வாங்கி நீங்களே படியுங்கள். எடை எழுதாத லெட்டரை ஸ்கீம் திருப்பி அனுப்பும், அது டாக்டர் அலுவலகத்தில் யாரும் பார்க்காத ஒரு மின்னஞ்சல் பெட்டியில் கிடக்கும்.

அதைப் பார்த்து ஸ்கீம் கொடுக்கும் அனுமதிதான் ஆதரைசேஷன். ஒருமுறை எங்களுக்கு அது முடியும் தேதி டிரிப் தேதிக்கு இரண்டு நாள் முன்னால் விழுந்தது. ஸ்கீம் தரப்பிலிருந்து ஒரு நினைவூட்டல்கூட வரவில்லை. பார்மசியில் மருந்தை எடுத்து வைத்துவிட்டு, கணினியில் சிவப்பு எழுத்து வந்ததும் திரும்ப உள்ளே வைத்துவிட்டார்கள். அதிலிருந்து முடிவுத் தேதிக்கு ஆறு வாரம் முன்பே போனில் அலாரம் வைத்திருக்கிறோம். உங்கள் கடிதத்தில் அனுமதி 6 மாதத்துக்கா, ஓராண்டுக்கா என்று பார்த்து நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுத்துவிட்டால்? மறுப்பைக் காரணத்தோடு எழுத்தில் கேளுங்கள். உங்கள் டாக்டரையே ஸ்கீமின் மருத்துவ ஆலோசகரிடம் நேரடியாகப் பேசச் சொல்லுங்கள், பாதி வழக்குகள் அங்கேயே தீரும் என்பது என் எண்ணம். அதற்கும் மசியவில்லை என்றால் ஸ்கீம்களைக் கண்காணிக்கும் மெடிக்கல் ஸ்கீம்ஸ் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம், கட்டணம் இல்லை. ஸ்கீம் பதில் சொல்ல 30 நாள் அவகாசம் உண்டு. உயிர்ப் பிரச்சினை என்றால் 'அவசரம்' என்று குறிப்பிடுங்கள்.

5. செலவு: குப்பிக் கணக்கு

மருந்து 100 மில்லிகிராம் குப்பியாக வருகிறது. கிரோன்ஸுக்கு வழக்கமான அளவு கிலோவுக்கு 5 மில்லிகிராம். 68 கிலோ எடை என்றால் 340 மில்லிகிராம், ஆனால் 4 குப்பி உடைக்க வேண்டும். மிச்சத்தை எடுத்து வைத்து அடுத்த முறை பயன்படுத்த முடியாது. முடக்குவாதத்துக்குக் கிலோவுக்கு 3 மில்லிகிராமில், மெத்தோட்ரெக்ஸேட்டோடு சேர்த்துத் தொடங்குவார்கள். முதல் ஆறு வாரத்துக்குள் மூன்று டோஸ் (0, 2, 6 வாரங்கள்), பிறகு எட்டு வாரத்துக்கு ஒன்று. அதாவது முதல் இரண்டு மாதம்தான் பையைக் கடிக்கும்.

குடல் ஆறத் தொடங்கினால் எடை ஏறும். என் வீட்டுக்காரர் டர்பன் பிரியாணியின் புண்ணியத்தில் 80 கிலோவைத் தொட்டபோது சிஸ்டர் சிரித்துக்கொண்டே, "இன்னும் ஒரு கிலோ ஏறினால் ஐந்தாவது குப்பி" என்றார். எல்லைக்கோட்டில் இருந்தால் டோஸை முழுக் குப்பிக்கு ஒதுக்கலாமா என்று டாக்டரிடம் கேட்பதில் தப்பில்லை.

மருந்தின் விலை இந்நாட்டில் 'சிங்கிள் எக்ஸிட் பிரைஸ்' என்ற, தயாரிப்பாளர் எல்லாருக்கும் ஒரே விலையில் விற்க வேண்டிய அரசு முறைக்குள் வருவதால் கடைக்குக் கடை பெரிதாக மாறாது. அதன்மேல் சேரும் பார்மசிக் கட்டணம், டிரிப் போடும் இடத்தின் கட்டணம், சலைன், ஃபில்ட்டர், ஊசி, கண்காணிப்பு இவைதான் மாறும். இவற்றில் எதை ஸ்கீம் கட்டும், எது உங்கள் தலையில் விழும் என்று வரி வரியாகக் கொட்டேஷன் கேளுங்கள். ஸ்கீம் குறித்துக் கொடுத்த இடத்தை விட்டு வேறு இடத்தில் ஏற்றினால் கோ-பேமென்ட், அதாவது உங்கள் கையிலிருந்து கட்டும் பங்கு, வரலாம். ரசீது எல்லாவற்றையும் வைத்திருங்கள், சார்ஸ் என்ற இந்நாட்டு வரித் துறைக்குக் கணக்குக் கொடுக்கும்போது உதவும். திட்டத்தை மாற்ற வேண்டும் என்றால் பொதுவாக ஆண்டு இறுதியில் சொல்லி ஜனவரியிலிருந்துதான் மாற முடியும்.

6. மருந்து வீட்டுக்கு வந்தால்

சில ஸ்கீம்கள் கூரியர் பார்மசி வழியாக மருந்தை உங்கள் கையிலேயே கொடுத்துவிடும். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறையக்கூடாது. ஃபிரிட்ஜின் கதவிலும் ஃப்ரீசர் பெட்டியை ஒட்டியும் வைக்காதீர்கள், நடுத் தட்டுதான் சரியான இடம். லோட் ஷெடிங் (சுழற்சி முறை மின்வெட்டு) வந்தால் கதவைத் திறக்காமல் இருந்தாலே பல மணி நேரம் தாங்கும். பெட்டியோடு ஒரு சின்ன வெப்பமானி போட்டு வையுங்கள். மருந்து சூடாகிவிட்டதோ என்று சந்தேகம் வந்தால் பார்மசிக்குப் போன் செய்து கேளுங்கள், நீங்களாகத் தூக்கி எறியவும் வேண்டாம், ஏற்றிக்கொள்ளவும் வேண்டாம். முடிந்தால் நேராக டிரிப் இடத்துக்கே அனுப்பச் சொல்வதுதான் நிம்மதி.

7. டிரிப் நாள்

முந்தின நாளே உடம்பைக் கவனியுங்கள். காய்ச்சல், சளி, சிறுநீர் எரிச்சல், பல்லில் சீழ், ஆறாத புண், புதிதாகத் தொடங்கிய ஆன்டிபயாட்டிக், கர்ப்பம் என்று எது இருந்தாலும் கிளம்பும் முன் போன் செய்யுங்கள். தொற்றோடு மருந்தை ஏற்ற மாட்டார்கள், ஏற்றவும் கூடாது.

வெறும் வயிற்றில் போக வேண்டியதில்லை. புரட்டாசி விரதம் என்றாலும் தண்ணீராவது நிறையக் குடியுங்கள், இல்லாவிட்டால் நரம்பு கிடைக்காமல் இரண்டு கையிலும் குத்துவார்கள். அடையாள அட்டை, ஆதரைசேஷன் எண், மருந்துச் சீட்டு, கடைசி ரத்தச் சோதனை, சாப்பிடும் மருந்துகளின் பட்டியல் எல்லாம் கையில் இருக்கட்டும். நாட்டு மருந்து, கஷாயம் எடுத்தால் அதையும் பட்டியலில் எழுதுங்கள். முதல் டோஸுக்குத் தனியாகப் போகாதீர்கள். ஒவ்வாமைத் தடுப்பு மாத்திரை கொடுத்தால் தூக்கம் சொக்கும், கார் ஓட்ட முடியாது.

கலக்குவதைப் பார்க்க முடிந்தால் பாருங்கள். ஒவ்வொரு குப்பிக்கும் 10 மில்லி தண்ணீரைச் சிஸ்டர் கண்ணாடிச் சுவரில் வழிந்து இறங்கும்படி மெல்ல விடுவார். பிறகு குலுக்க மாட்டார், உள்ளங்கையில் வைத்துச் சுழற்றுவார். நுரை அடங்க ஐந்து நிமிடம் அப்படியே வைப்பார். நிறமில்லாமலோ இளமஞ்சளாகவோ இருக்க வேண்டும். அதை 250 மில்லி சலைனில் சேர்த்து, நுண்ணிய ஃபில்ட்டர் வைத்த குழாயில், குறைந்தது 2 மணி நேரத்துக்கு ஓட விடுவார்கள். குழாயில் ஃபில்ட்டர் தெரியவில்லை என்றால் கேளுங்கள். குப்பியிலிருக்கும் பேட்ச் எண்ணைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏறும்போது உடம்பு நடுங்கினாலோ, அரித்தாலோ, முகம் சிவந்து சூடானாலோ, நெஞ்சை அடைத்தாலோ, மூச்சு வாங்கினாலோ, தொண்டை இறுகினாலோ, தலை சுற்றினாலோ உடனே சொல்லுங்கள். நம் ஆட்கள், முக்கியமாகப் பெரியவர்கள், "சிஸ்டருக்கு எதுக்குத் தொந்தரவு" என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இங்கே அந்த அடக்கம் ஆபத்து. லேசான ஒவ்வாமை என்றால் வேகத்தைக் குறைத்தோ, சிறிது நேரம் நிறுத்தியோ, மருந்து கொடுத்தோ பெரும்பாலும் தொடர முடியும். கடுமையானால் நிறுத்திவிட்டு அட்ரினலின் போட வேண்டியிருக்கும். ஆகவே இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே, அவசர டிராலி இருக்கிறதா, டாக்டர் கூப்பிடு தூரத்தில் இருக்கிறாரா என்று கேட்டுவிடுங்கள். "வீட்டுக்கே வந்து ஏற்றுகிறோம்" என்ற சௌகரியத்தை முதல் சில டோஸ்களுக்கு நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

முடிந்த பிறகும் 1 முதல் 2 மணி நேரம் அங்கேயே உட்கார வேண்டும். பார்க்கிங் சீட்டைப் பார்த்து அவசரப்படாதீர்கள்.

8. வீடு திரும்பிய பின்

அன்று தலைவலி, அசதி, குமட்டல் சகஜம். ஆனால் 3 முதல் 12 நாளுக்குள் மூட்டு வலி, தசை வலி, காய்ச்சல், தடிப்பு, முகமோ கையோ வீக்கம் சேர்ந்து வந்தால் அது தாமத ஒவ்வாமையாக இருக்கலாம். நெடுநாள் விட்டுத் திரும்பத் தொடங்கியவர்களுக்கு இது வரும் வாய்ப்பு அதிகம். அடுத்த டோஸுக்கு முன் டாக்டருக்குத் தெரிந்தாக வேண்டும்.

காய்ச்சல்தான் நான் அதிகம் பயப்படுவது. 38 டிகிரியைத் தொட்டால் பனாடோ (இங்கே விற்கும் பாராசிட்டமால்) போட்டு அமுக்கிவிட்டு வேலைக்குப் போவது, நிலவேம்புக் கஷாயம் குடித்து மூன்று நாள் பார்ப்பது, இரண்டுமே கூடாது. அன்றே டாக்டரைக் கூப்பிடுங்கள். இரண்டு வாரம் தாண்டிய இருமல், இரவில் வியர்வை, காரணமில்லாத எடைக் குறைவு, கழுத்திலோ அக்குளிலோ கட்டி என்றால் காசநோயை முதலில் நினைக்க வேண்டும். இந்த மருந்து எடுப்பவர்களுக்கு அது நுரையீரலுக்கு வெளியேயும் வரும். முதல் சோதனை நெகட்டிவ் என்பது ஆயுள் முழுக்கச் செல்லும் சீட்டு இல்லை.

கண் மஞ்சளாவது, சிறுநீர் கருப்பது, கால் வீக்கத்தோடு மூச்சிரைப்பு, கை கால் மரத்துப்போவது, பார்வை மங்குவது, எளிதில் ரத்தக் கன்றல், மறையாத தோல் மாற்றம் இவையும் உடனே சொல்ல வேண்டியவை. அரிதாக லிம்போமா என்ற புற்றுநோய் அபாயம் உண்டு. அசத்தியோபிரினும் சேர்த்து எடுக்கும் இளம் ஆண்களிடம் அதில் மிக அரிதான, கொடிய ஒரு வகை பதிவாகியிருக்கிறது. இரண்டையும் சேர்த்து எழுதினால் ஏன், எத்தனை காலம் என்று கேளுங்கள்.

மூச்சுத் திணறினால் மொபைலிலிருந்து 112, அரசு ஆம்புலன்ஸுக்கு 10177. மருந்தின் பெயரும் கடைசி டோஸ் தேதியும் எழுதிய அட்டை பர்ஸில் இருக்கட்டும். மருந்து உடம்பிலிருந்து முழுதாக வெளியேற 6 மாதம் வரை ஆகலாம், நிறுத்திய பிறகும் அந்த அட்டை வேண்டும். பக்க விளைவு எதுவானாலும், மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான சாஃப்ராவின் மெட் சேஃப்டி செயலியில் நீங்களே பதிவு செய்யலாம்.

9. சாப்பாடு, கோயில், குழந்தை

லிஸ்டீரியா என்ற கிருமி இந்த மருந்து எடுப்பவர்களைத் தேடி வந்து தாக்கும். 2017–18-இல் இந்த நாட்டில் பரவிய லிஸ்டீரியோசிஸ், உலகில் பதிவானவற்றிலேயே பெரியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள், 200-க்கும் மேல் இறந்தார்கள். காரணம் போலனி என்ற பதப்படுத்திய இறைச்சி என்று 2018 மார்ச்சில் அறிவித்தார்கள். ஆகவே குளிர்ந்த போலனி சாண்ட்விச் வேண்டாம், காய்ச்சாத பாலும் அதில் செய்த மென் சீஸும் வேண்டாம். கொதிக்கக் கொதிக்க வரும் பன்னி சௌவுக்கு (குடைந்த ரொட்டிக்குள் குழம்பு) தடை இல்லை, கூட வைக்கும் 'சாம்பல்ஸ்' என்ற பச்சைக் காய்கறிக் கலவையை மட்டும் நன்றாகக் கழுவியதா என்று பாருங்கள்.

தைப்பூசக் காவடிக்கு அலகு குத்திக்கொள்வதாக நேர்ந்திருந்தால், டாக்டரிடம் சொல்லாமல் செய்யாதீர்கள். தோலில் திறக்கும் எந்தப் புண்ணும் இப்போது பழைய மாதிரி ஆறாது. பால்குடம் எடுக்கலாம். தீமிதியையும் டாக்டரிடம் சொல்லாமல் செய்ய வேண்டாம் என்பதே என் கருத்து. அம்மை போட்ட வீட்டுக்கு விசாரிக்கப் போவதையும் தவிருங்கள், போய்விட்டு வந்த பிறகு தெரிந்தால் அன்றே டாக்டருக்குச் சொல்லுங்கள்.

கர்ப்பிணிகளுக்கு முக்கியமான ஒன்று. இங்கே பிறந்த குழந்தைக்கு மருத்துவமனையிலேயே பிசிஜி போட்டுவிடுவார்கள். அது உயிருள்ள கிருமி. கர்ப்ப காலத்தில் தாய் இன்ஃப்ளிக்சிமாப் எடுத்திருந்தால் மருந்து குழந்தையின் ரத்தத்திலும் மாதக்கணக்கில் இருக்கும். அப்படி ஒரு குழந்தை பிசிஜி கிருமி உடம்பெங்கும் பரவி இறந்தது மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. பிசிஜியை 6 முதல் 12 மாதம் தள்ளிப்போடச் சொல்வார்கள். ரோட்டா வைரஸ் சொட்டு மருந்துக்கும் இதைக் கேட்க வேண்டும். பிரசவத்துக்குப் போகும் முன்பே குழந்தை டாக்டரிடம் கடிதம் வாங்கி, குழந்தையின் தடுப்பூசி விவரம் எழுதும் ரோட் டு ஹெல்த் புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். பிரசவ அறையில் யாரும் உங்கள் கோப்பைப் புரட்ட மாட்டார்கள்.

10. ஊருக்குப் போகும்போது

டிக்கெட் போடும் முன் அடுத்த டோஸ் தேதியைப் பாருங்கள். ஏற்றி ஒன்றிரண்டு வாரம் கழித்துக் கிளம்பி, அடுத்ததற்குள் திரும்பும்படி அமைத்துக்கொள்வது நல்லது. நீண்ட விடுப்பு என்றால் ஊரில் ஏற்ற, டோஸ் விவரம் எழுதிய கடிதத்தோடு போங்கள்.

வழியையும் கவனியுங்கள். அடிஸ் அபாபா, நைரோபி வழியாக மலிவாக டிக்கெட் கிடைக்கும். ஆனால் எத்தியோப்பியாவும் கென்யாவும் மஞ்சள் காய்ச்சல் அபாய நாடுகள். அங்கே விமான நிலையத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் தங்கினால் தென்னாப்பிரிக்கா திரும்பும்போது தடுப்பூசிச் சான்று கேட்கும். நிலையத்தை விட்டு வெளியே வந்திருந்தால் இந்தியாவும் கேட்கும், சான்று இல்லாதவர்களை 6 நாள் வரை தனிமையில் வைக்கும். அந்த ஊசியோ நீங்கள் போட்டுக்கொள்ளக் கூடாதது. டாக்டர் விலக்குக் கடிதம் எழுதித் தரலாம், அதை ஏற்பதும் ஏற்காததும் அங்கிருக்கும் அதிகாரியின் முடிவு. துபாய் அல்லது தோஹா வழியாகப் போனால் கொஞ்சம் கூடுதல் ரேண்டோடு இந்தப் பிரச்சினையே எழாது.